வெறுந்தட்டும் ஒரு ‘எனிவே’யும்

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்குள் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்த சமயம். காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாயில் பல் எல்லாம் இருந்தது, பேச்சும் இருந்தது. இப்போது பல் போய்விட்டது, பேச்சு மட்டும் குறையவில்லை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். அந்தப் பேச்சால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதைச் சொல்வதற்கு ஜப்பான் சண்டைக்கு முந்தைய ஒரு தேநீர் விருந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் கணவர் பட்டணத்தில் ஒரு ரப்பர் வியாபார அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தார். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அவருடைய மேலதிகாரி வீட்டில் ஒருநாள் எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். அந்தத் துரையின் மனைவி நல்ல மாதிரிதான். என் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டார். ‘நோ’ என்றேன். ஏன் இல்லை என்று கேட்டார். அதற்கும் ‘நோ’ என்றேன். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும் வயிறு திறக்காதவளுக்கு அந்தக் கேள்விக்கு எந்தப் பாஷையில்தான் பதில் இருக்கிறது? அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கேக்குத் துண்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் இங்கிலீஷ் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

கற்றுக்கொடுக்க எங்கள் பின்வீட்டில் ஆள் இருந்தது. மலாக்கா செட்டிகளின் கம்பம், அதாவது அவர்கள் குடியிருப்பு, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தொடங்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர்கள் கும்பிடும் சாமி நம் சாமி. விபூதி, குங்குமம், கோயில், திருவிழா எல்லாம் உண்டு. ஆனால் பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டுப் பெண் என்னைவிட மூன்று வயது மூத்தவள், கல்யாணம் ஆகாதவள். கன்னிமாடப் பள்ளியில் படித்து டைப் அடிக்கவும் பழகியிருந்தாள். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். அவள் எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும், நான் அவளுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும். கோயிலில் பாடுவது ஒன்றும் புரியாமலே இத்தனை வருஷம் கும்பிட்டுவிட்டேன், சாமி என்னை ஊமை என்றே நினைத்திருக்கும் என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள்.

அவள் எனக்கு அகராதியைப் பிரித்துவைத்துப் பாடம் நடத்தவில்லை. உனக்குச் சொல் இருக்கிறது, பேச்சை நகர்த்தத்தான் தெரியவில்லை என்றாள். கதவுக்குக் கீல் இருப்பதுபோலப் பேச்சுக்கும் சில சொற்கள் உண்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டால் எந்த அறைக்குள் வேண்டுமானாலும் போகலாம் என்றாள். ‘பை த வே’ என்றால் புதிய அறை திறக்கும். ‘எனிவே’ என்றால் பிடிக்காத அறை சாத்திக்கொள்ளும். ‘ஸ்பீக்கிங் ஆஃப் சில்ட்ரன்’ என்று தொடங்கினால், என் குழந்தையைப் பற்றிக் கேட்டவளை அவளுடைய குழந்தையைப் பற்றியே பேச வைத்துவிடலாம். இருபத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகாத பெண் அல்லவா? உறவுக்காரர்களின் கேள்விகளைத் திருப்பிவிட்டுத் திருப்பிவிட்டு அந்த வித்தையில் கரை கண்டிருந்தாள்.

எனக்கு இந்த வித்தை சர்க்கரையாக இனித்தது. கோழிக்குத் தீனி போடும்போதுகூட எனிவே, எனிவே என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் இன்னொன்றையும் சொல்லித்தந்தாள். பேச்சைத் திருப்பிய பிறகு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார். முகம் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தால், நீயும் திரும்பிப் போய், ‘யூ வேர் சேயிங்?’ என்று கேள், என்றாள். என்னமோ சொல்ல வந்தீர்களே என்று அர்த்தம். அதை நான் பழகவே இல்லை. மற்றவர்களுக்குப் பேச்சை விட்டுக்கொடுக்கவா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறேன் என்று நினைத்தேன். அவ்வளவு திமிர்.

பிறகு சண்டை வந்தது. துரைமார்கள் ஓடினார்கள், அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். பலர் வீட்டிலிருந்த இங்கிலீஷ் புத்தகங்களை அடுப்பில் போட்டார்கள். என் கணவர் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். அலுவலகத்தில் பேனா பிடித்த கை மண்வெட்டி பிடித்துக் கொப்புளம் கொப்புளமாகப் போயிற்று. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளிக் கீரை, ராத்திரி மறுபடியும் மரவள்ளி. எங்கள் இங்கிலீஷ் பாடம் மட்டும் நிற்கவில்லை. வேலி ஓரம் கிழங்கு துருவிக்கொண்டே மெல்லிய குரலில் பேசிப் பழகுவோம். ஊரே நிப்பொங்கோ என்று ஜப்பான் பாஷை படித்தபோது நாங்கள் இருவரும் இப்படி.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு ஜப்பான்காரர்களின் ஆள் சேர்க்கும் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. படுத்த படுக்கையாக அப்பா, சம்பளத்தோடு அரிசியும் கொடுக்கிறார்கள், அவள் எப்படி வேண்டாம் என்பாள்? ஆனால் எங்கள் சந்தில் அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. தலையாட்டி என்றார்கள். முகத்தை மூடிக்கொண்டு வந்து, இவன்தான் என்று தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுப்பவர்களுக்கு அப்போது அந்தப் பெயர். அவள் அப்படி யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இருந்தாலும் ஊர் வாயை உலை மூடியால் மூட முடியுமா?

ஊரை ஏன் சொல்ல வேண்டும், நானே ஒதுங்கினேன். எங்கள் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஜப்பான்காரர்கள் ஒப்படைக்கச் சொன்னபோது ஒப்படைக்காமல், என் கணவர் அதைச் சாக்கில் சுற்றி மரவள்ளிப் பாத்திக்கு அடியில் புதைத்துவிட்டார். உஜோங் பாசிரில் இதே குற்றத்துக்காக ஒருவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். என் கணவர் என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “இங்க பாரு, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணாவே இருக்கட்டும். என்னைப் பத்தி மட்டும் அதுகிட்ட வாயத் தொறக்காத.” நான் தலையை ஆட்டினேன். வேலியோரப் பாடமும் அத்தோடு நின்றது.

ஒரு திங்கட்கிழமை காலை, குழாயடியில் தண்ணீருக்கு வரிசையாக நின்றிருந்தோம். எனக்கு முன்னால் எங்கள் வட்டாரப் பொறுப்பாளரின் மனைவி. வீட்டுக்கு வீடு ஆள் கணக்கு எடுத்து ஜப்பான்காரர்களுக்குக் கொடுப்பது அந்தப் பொறுப்பாளரின் வேலை. அதனால் அந்த அம்மாளைக் கண்டால் எல்லோருக்கும் உள்ளுக்குள் நடுக்கம். அக்கா வேலைக்குப் போகும் வழியில், சைக்கிளை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தாள். சாப்பிட்டாயா என்று மலாயில் கேட்டாள். பிறகு சிரித்த முகமாகவே இங்கிலீஷுக்கு மாறினாள். பை த வே, உன் கணவர் எப்படி இருக்கிறார், ராத்திரி வீட்டில்தான் தூங்குகிறாரா என்றாள்.

இதை ஏன் இவள் கேட்கிறாள்? அதுவும் இத்தனை பேர் நடுவில்? ஆனால் அந்தக் கணமே உள்ளே ஒரு குறும்பும் தலைதூக்கியது. நீ கற்றுக்கொடுத்த வித்தையை உன்னிடமே காட்டுகிறேன் பார் என்று. தூக்கமா, யாருக்கு இந்தக் காலத்தில் தூக்கம் வருகிறது, எனிவே, இன்றைக்குத் தண்ணீர் ரொம்ப மெதுவாக வருகிறது இல்லையா என்றேன். அவள் விடவில்லை. ஸ்பீக்கிங் ஆஃப் வாட்டர், உன் கணவர் கொஞ்ச நாள் ஆற்றுப் பக்கம் எங்காவது போய் மீன் பிடிக்கலாமே, உடம்புக்கு நல்லது என்றாள். மீன் என்றதும் பிடித்துக்கொண்டேன். சந்தையில் மீன் கிடைக்காதது, கருவாட்டில் புழு இருந்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன். வாழ்க்கையில் இங்கிலீஷில் நான் அவ்வளவு நேரம் தடையில்லாமல் பேசியது அன்றுதான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனாள்.

“என்ன புள்ள, வெள்ளக்காரி மாதிரி வெளுத்து வாங்குற?” என்றாள் பொறுப்பாளர் மனைவி. சும்மா மீன் கதை என்றேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்காவே வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பூப்போட்ட பீங்கான் தட்டு, நிறைய ரம்புத்தானும் மங்குஸ்தீனும். பழக் காலம் வந்தால் செட்டி வீடுகளில் இறந்துபோன முன்னோருக்குப் பழம் படைப்பார்கள். படைத்ததை அக்கம்பக்கத்துக்கும் அனுப்புவார்கள். அந்தப் பஞ்ச காலத்திலும் அவள் வீட்டில் அதை விடவில்லை. என் கெட்ட நேரம், அன்றைக்கும் பொறுப்பாளர் மனைவி எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து கிழங்கு சீவும் கத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் ஆசாரி ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளை. எங்கள் வீட்டுக் கதவுக்கும் அவர்தான் கீல் மாட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, அண்ணன் வீட்டுக் கதவுக்குக் காசா என்றார்.

அக்கா மறுபடியும் இங்கிலீஷில் தொடங்கினாள். பை த வே, நம் எதிர்வீட்டுக்காரரும் உன் கணவரும் நண்பர்கள்தானே, இரண்டு பேருமாகச் சேர்ந்து எங்காவது உறவினர் வீட்டுக்குப் போய் வரலாமே, இந்த வாரம் நல்ல வாரம் என்றாள். இப்போது ஆசாரியையும் சேர்த்துக் கேட்கிறாளே, வானொலி விஷயம் அவருக்கும் தெரியுமா என்று துருவுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. பயம் முற்றிக் கோபமாகிவிட்டது. எனிவே, உன் தட்டு எனக்கு எதற்கு, இப்போதே கொண்டுபோய்விடு என்று சொல்லி, பழத்தை முறத்தில் கொட்டிவிட்டுத் தட்டை அங்கேயே அவள் கையில் கொடுத்தேன்.

வெறுந்தட்டு. நம் வழக்கத்திலும் சரி, அவர்கள் வழக்கத்திலும் சரி, பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது. ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு கல் உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு வெற்றிலையாவது வைத்துக் கொடுப்போம். அதுவும் அது முன்னோருக்குப் படைத்த தட்டு. இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்வதற்கு அதைவிடப் பச்சையான வழி கிடையாது. பொறுப்பாளர் மனைவிகூட, “ஐயையே, வெறுந்தட்டையா குடுக்குற?” என்று மோவாயில் கை வைத்தாள். அக்கா தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்தும் உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு என் கணவரிடம் நடந்ததைச் சொல்லிப் பெருமையடித்தேன். அவரும் கெட்டிக்காரி என்றார். இருவரும் ரம்புத்தானை உரித்துச் சாப்பிட்டோம். ஒன்றுகூட விடவில்லை.

புதன்கிழமை மாலை நாலு மணி இருக்கும். சந்து முனையிலிருந்தே மலாயில் ஒரு கூச்சல். என் வீட்டுப் பெரியவர்களுக்குப் படைத்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பியவள் எங்கே, வெளியே வா, என்று அக்கா கத்திக்கொண்டு வருகிறாள். கையில் அதே தட்டு. அவள் உரக்கப் பேசிக்கூட நான் கேட்டதில்லை. சந்தே வாசலில் கூடிவிட்டது. பொறுப்பாளர் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசிற்று. செய்த தப்பு தெரியும் அல்லவா? அவள் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே அடுப்படிக்குள் வந்துவிட்டாள். உப்பு இருக்கிறதா காட்டு, சர்க்கரை இருக்கிறதா காட்டு, என்று தெருவுக்குக் கேட்கும்படி கத்திக்கொண்டே தகரங்களைத் தள்ளி உருட்டினாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் காதோரம் குனிந்தாள். மலாயும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த தமிழில் பேசினாள்.

“நாளைக்கு. லோரி. சயாம். உன் வீட்டுக்காரர் பேர் இருக்கு. ஆசாரி பேர் இருக்கு. நான் டைப் அடிச்சது.”

எனக்குக் கேட்டது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. பழகிப்போன நாக்கு அல்லவா? நான் என்ன செய்தேன் தெரியுமா? “எனிவே...” என்று ஆரம்பித்தேன். அவள் தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். “டியாம். டெங்கார்,” என்றாள். பேசாதே, கேள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வாய் மறுபடியும் தெருவுக்குக் கேட்க என்னைத் திட்டத் தொடங்கியது. தட்டை என் அடுப்பு மேடையில் ‘டங்’கென்று வைத்துவிட்டு, இதை நிரப்பி நீயே என் வீட்டுக்குத் தூக்கி வந்தால்தான் உன் முகத்தில் முழிப்பேன் என்று கத்திவிட்டுப் போனாள்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. சயாமில் ரயில் பாதை போட ஆண்களை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலம் அது, போனவர்கள் திரும்புவதில்லை. லாரி, சயாம் என்ற சொற்களை எந்தப் பாஷையில் சொன்னாலும் குழாயடியில் எல்லோருக்கும் புரியும். அதுவும் பெயர்களை எழுதிக் கொடுத்த பொறுப்பாளரின் மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கீல் போட்டுக் கீல் போட்டு என்னை அந்த அறை வரைக்கும் அழைத்துப் போகப் பார்த்திருக்கிறாள். ராத்திரி வீட்டில் தூங்குகிறாரா, மீன் பிடிக்கப் போகட்டும், உறவினர் வீட்டுக்குப் போகட்டும், எதிர்வீட்டுக்காரரையும் கூட்டிப் போகட்டும். ஒவ்வொரு தடவையும் நான் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

நான் ஓவென்று அழுதேன். பொறுப்பாளர் மனைவி உள்ளே எட்டிப் பார்த்து, “நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். உண்மையான அழுகை என்பதால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

என் கணவர் அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டார். அவருக்குத் தெரிந்த மலாய்க்காரர் ஒருவருக்குக் குருபோங்கில் சின்ன ரப்பர் தோட்டம் இருந்தது. விறகு ஏற்றிவந்த அவருடைய மாட்டுவண்டி அன்று பட்டணத்தில்தான் நின்றது. மரவள்ளிக் குச்சிக்கட்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, நடவுக்குக் கொண்டுபோகிறவரைப் போலப் பின்பக்கமாக நடந்து போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் கூடவே ஓடியிருப்பேன்.

உடனே எதிர்வீட்டுக்குப் போனேன். ஆசாரியின் மனைவி மட்டும்தான் இருந்தாள். என்னைவிட இளையவள். “புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு வீட்டுல கூரை வேலன்னு விடியக்காலையிலயே போயிட்டாருக்கா. ராத்திரி அங்கயே தங்கிட்டு நாளைக்கு வந்துருவேன்னாரு,” என்றாள். யார் வீடு என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் புக்கிட் ரம்பாய் சாலையில் நடந்தோம். சுத்தியல் சத்தம் கேட்கிற பக்கமெல்லாம் போய் எட்டிப் பார்த்தோம். கூரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வேறு யாரோ. பொழுது சாய்ந்தால் சாலையில் நிற்கக் கூடாது என்பதால் திரும்பிவிட்டோம்.

வியாழக்கிழமை காலை லாரி வந்தது. எங்கள் வீட்டில் தேடினார்கள். அரிசிப் பானைக்குள்கூடக் கம்பை விட்டுக் குத்தினார்கள். வேலை தேடி வடக்கே போய்விட்டார் என்று சொன்னதற்கு ஒரு அறை விழுந்தது. அதோடு விட்டார்கள். ஆசாரியை அவர்கள் வீட்டில் பிடிக்கவில்லை. வேலை முடித்து, டயருக்குப் பதிலாகத் தோட்டத்து ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவரைச் சாலையிலேயே நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். சைக்கிளையும் உளிப்பெட்டியையும் யாரோ கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். அவர் திரும்பி வரவே இல்லை.

திங்கட்கிழமை அவர் வீட்டில்தான் இருந்தார். செவ்வாய்க்கிழமையும் என் கண்ணெதிரே உட்கார்ந்து பலகை இழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு முழு நாள். நான் ஒரே ஒரு தடவை ‘யூ வேர் சேயிங்?’ என்று கேட்டிருந்தால் போதும்.

அதன்பிறகு ஜப்பான்காரர்கள் போகும்வரை நானும் அக்காவும் ஊரறிந்த எதிரிகள். அந்தச் சண்டை பொய் என்று தெரிந்தால் அவள் தலை தப்பாது. குழாயடியில் அவள் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மற்றவர்கள் அவளைத் தலையாட்டி என்று காறித் துப்பும்போது நானும் சும்மா நிற்க வேண்டும். அதைத் தாங்குவதுதான் மகா கஷ்டமாக இருந்தது. அவளுடைய பூப்போட்ட தட்டை மட்டும் தினமும் கழுவித் துடைத்து வைப்பேன்.

ஜப்பான் சரணடைந்ததும் என் கணவர் குருபோங்கிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். வந்த வாரமே, அந்தத் தலையாட்டிப் பெண்ணை விடக்கூடாது என்று நாலைந்து பேர் செட்டிக் கம்பத்துப் பக்கம் கிளம்பினார்கள். அவர் அவர்களுக்கு முன்னால் போய் அவள் வீட்டு வாசலில் நின்றுகொண்டார். “நான் உசுரோட நிக்கிறதே இந்தப் பொண்ணாலதான், என்னை அடிச்சுட்டு உள்ள போங்க,” என்றார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்துபோனார்கள். முதன்முதலாக நல்ல அரிசி கிடைத்த அன்று பொங்கி, அந்தத் தட்டு நிறைய வைத்து நானே தூக்கிக்கொண்டு போனேன். அக்கா வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ரொம்ப லேட்,” என்றாள் தமிழில். பிறகு இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். முடியவில்லை.

எதிர்வீட்டில் ஆசாரியின் மனைவி இருக்கிறாளே. தையல் வேலை செய்து பிழைத்தாள். என்னிடம் ஒட்டுதலாக இருந்தாள். என்னோடு வெயிலில் நடந்து அவரைத் தேடினீங்களே அக்கா என்று சொல்லிச் சொல்லி உருகுவாள். அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சில் குத்தும். அவள் சில சமயம், “அந்தச் செவ்வாக்கெழம பூரா அவரு வீட்லதான்கா இருந்தாரு...” என்று ஆரம்பிப்பாள். உடனே நான், அது கிடக்கட்டும், நீ சாப்பிட்டியா என்பேன். இன்னொரு தடவை மழையைப் பேசுவேன். வேறொரு நாள் துணி விலையைப் பேசுவேன். சாமர்த்தியம் எல்லாம் தமிழிலும் செல்லுபடியாகத்தான் செய்தது. இப்படியே ஆறு வருடம் ஓட்டினேன். இதற்கிடையில் எனக்கு ஒரு மகளும் பிறந்திருந்தாள். என் கணவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் உலாத்தும்போது, எதிர்வீட்டுச் சன்னலைப் பார்க்க எனக்குத் தைரியம் வராது.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தோம். அவள் மறுபடியும் அந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்தாள். எனக்கு, எண்ணெய் காய்ந்துவிட்டது பார், என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தற்செயலாக அவள் முகத்தைப் பார்த்தேன். ஆறு வருடமாக அது அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அடுப்பை அணைத்தேன். “நீ என்னமோ சொல்ல வந்தியே, சொல்லும்மா,” என்றேன்.

அவள் சொன்னாள். அன்றைக்கு அவர் இழைத்தது ஒரு தொட்டில் கட்டைக்காகவாம். மூன்று மாதம் முழுகாமல் இருந்திருக்கிறாள். லாரி வந்து போன வாரமே அது கலைந்துவிட்டதாம். இதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்ல வரும்போதெல்லாம் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது என்றாள். நான் ஒன்றும் பேசாமல் கேட்டேன். அவள் முடித்த பிறகு, குழாயடியிலிருந்து வெறுந்தட்டு வரை என் கதையை நான் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது, ரம்புத்தான் தின்றது, எல்லாம்.

அவள் மாவுக் கையோடு எழுந்து நின்றாள். என்ன செய்வது என்று தெரியாமல், பிழிந்த முறுக்கை ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தீபாவளி அன்று அவள் கதவு திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டு வெறுமனே வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், நான் அக்காவுக்குச் செய்தது எனக்குத் திரும்புகிறது என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தட்டை நீட்டினாள். நடுவில் ஒரு பிடி சர்க்கரை இருந்தது.

“வெறுந்தட்டாக் குடுக்கக்கூடாதுல்லக்கா,” என்றாள்.

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதன்பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அவள் என் எதிர்வீட்டில் இருந்தாள். அவள் பேசுவாள், நான் கேட்பேன். இங்கிலீஷ் அப்படியே மறந்துபோய்விட்டது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இன்றைக்கும் யாராவது என் எதிரில் வந்து உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினால் என் நாக்கு முதலில் கீலைத்தான் தேடுகிறது. அதை அடக்கிக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன், “என்னமோ சொல்ல வந்தீங்களே” என்று கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் ஒரு பலகையை இழைக்கும் சத்தம் எதிர்வீட்டிலிருந்து எனக்கு மட்டும் கேட்கிறது.